ஏகுகிளவி இயல்

மாணாக்க! அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால் மடக்கி அமர்க. இன்று நீ கற்கவிருப்பது சொற்கள் குடிபெயரும் முறை.

சொற்களுக்குக் குடிகள் உண்டு: பெயர்க்குடி, வினைக்குடி, பண்புக்குடி, இடைக்குடி. பிறந்த குடியில் கிடப்பதே சொல்லுக்கு அழகு. ஆயினும் சில சொற்கள் ஒருநாள் புறப்பட்டு அடுத்த குடியில் நுழைந்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, நாலு தலைமுறையாக அங்கிருந்தாற்போலத் திண்ணையில் சாய்ந்து கிடக்கின்றன. இவ்வாறு பெயர்ந்த சொல் ஏகுகிளவி எனப்படும். பெயரும் செயல் ஏகல். விட்டு வந்த குடி பிறந்தகம். சென்று சேர்ந்த குடி புக்ககம். இந்நான்கையும் மும்முறை சொல்லி நெஞ்சில் இருத்துக.

ஏகலில் வல்லவை சீனமும் ஆங்கிலமும். ஆகவே இவ்வியல் அவ்விரண்டையே ஆயும். நூற்பா வருமாறு:

வடுப்படா தேகலும் வடுப்பட் டேகலும்
எனவிரு வகைத்தே கிளவி ஏகல்.

இதன் பொருள்: குடிபெயரும் சொல் மேனியில் கீறலின்றிப் பெயர்தலும் உண்டு; கீறல்பட்டுப் பெயர்தலும் உண்டு. வகைத்தே என்னும் ஏகாரம் தேற்றம். சொல் என்னாது கிளவி என்றது யாப்பு நோக்கி.

முதற்கண் வடுவில் ஏகல். அதன் உள்வகைகளுள் தொடக்கத்தில் வைக்கத்தக்கது இடுபொருள் ஏகல். ஒரு பொருளின் பெயர், அப்பொருளை மற்றொன்றின்மேல் இடுதலைக் குறிக்கும் வினையாதல் அது. ஆங்கிலேயன் வெதுப்பியை வெண்ணெய்க்கிறான் (கடையில் கேட்கும்போது ரொட்டி என்க); கஞ்சியை உப்புகிறான்; செடியை நீர்க்கிறான். நம் மொழியில் உப்புதல் வீங்குதலையும் நீர்த்தல் செறிவு குறைதலையும் குறிக்குமாதலின், இவ்வெடுத்துக்காட்டுகளை அடுக்களையில் சொல்லிப் பாராதே.

இதற்கு மறுதலை களைபொருள் ஏகல். விலங்கைத் தோலுதல் என்றால் தோலை உரித்தல். பசுவைப் பாலுதல் என்றால் பசுவுக்குள் பால் ஊற்றுதல் அன்று.

மூன்றாவதாகிய இரண்டக ஏகலில்தான் மாணாக்கர் பலர் இடறி விழுகின்றனர். இங்கே ஒரே வினை இடுதலையும் குறிக்கும், களைதலையும் குறிக்கும். வீட்டார் அறையைத் தூசினால் தூசு குறையும். ஊர்காவலர் விரற்பதிவு தேடிக் கதவைத் தூசினால் தூசு கூடும். உழவன் நிலத்தை விதைத்தால் விதை உள்ளே போகும். ஆங்கில அடுக்களையில் கொடிமுந்திரியை விதைத்தால் விதை வெளியே வரும். எவ்வாறு வேறுபடுத்துவது? இயல்பாகவே உள்ளதைக் களைவர், இல்லாததை இடுவர் என்பர் ஒருசாரார். கொடிமுந்திரியில் விதை உண்டு, எனவே களைதல். உழுத நிலத்தில் இல்லை, எனவே இடுதல். அறையில் தூசு என்றும் உண்டு. இக்கூற்று கொள்ளத்தக்கதே.

கொள்கல ஏகல் எளிது. கள்ளைக் குடுவையில் அடைத்தல் குடுவித்தல். காசைச் சட்டைப்பையில் இடுதல் பைத்தல். மேலே செல்க.

உறுப்பேகலை முடிமுதல் அடிவரை என்னும் முறையில் கற்க. ஆங்கிலத்தில் தலை வினையாகித் தலைமை தாங்கும். கண் உற்றுப் பார்க்கும். தோள் சுமக்கும். வயிறு பொறுத்துக்கொள்ளும், நம்மவர்க்கு எரிவது வயிறு, ஆங்கிலேயர்க்கு அதே வயிறு பொறுமையின் இருப்பிடம் என்னும் வேறுபாட்டை ஓரத்தில் குறித்துக்கொள்க. உணவகத்தில் விலைச்சீட்டு வந்தால் பாதம் வினையாகி அதைச் செலுத்தும். கையும் சட்டைப்பையும் இருக்கப் பாதம் ஏன் செலுத்துகிறது என்பது தனி நூலுக்குரிய பொருள். கழுத்தும் ஆங்கிலத்தில் வினையாவது உண்டு. அதன் பொருளை மாணாக்கன் மணம் முடித்தபின் கற்பான்.

முழங்கை தனியே நின்று நோக்கத்தக்க உறுப்பு. இரு மொழியிலும் ஒரே வினையாக ஏகியது அது. ஆங்கிலேயன் நெரிசலில் இன்றும் முழங்கைக்கிறான். சீனரோ கி.மு. 589இலேயே முழங்கைத்தனர். சுவோசுவான் என்னும் பழஞ்சீனப் பெருநூலில் வரும் செய்தி இது. சின் நாட்டுப் படைத்தலைவன் கான் சூயே தேரேறிப் பகையைத் துரத்தினான். முந்திய இரவில் அவன் தந்தை கனவில் தோன்றி, தேரின் இடப்புறமும் வேண்டா, வலப்புறமும் வேண்டா என்று சொல்லியிருந்தார். ஆகவே அவன் நடுவில் நின்றான். இடப்புறம் நின்றவன் அம்பு பட்டுத் தேரிலிருந்து கீழே விழுந்தான். வலப்புறம் நின்றவன் தேருக்குள்ளேயே மாய்ந்தான். அப்போது தன் தேரை இழந்த வீரன் ஒருவன் ஓடிவந்து, தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி வேண்டி ஏறினான். அவன் இடப்புறம் நிற்கப் போக, கான் சூயே முழங்கைத்தான். வலப்புறம் போக, அங்கும் முழங்கைத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினான். நூலில் இச்செயலுக்கு உள்ள சொல் 'முழங்கை' என்னும் வெறும் பெயர். இடித்தான், தள்ளினான் என எதுவும் இல்லை. போர்க்களத்தில் சொற்சுருக்கம் வேண்டப்படும்.

விலங்கேகலைப் பலர் பலவாறு வகுத்துக் குழப்பினர். கால் எண்ணி வகுத்தலே நேரிய முறை. நாற்காலின: நாய், ஓநாய், குரங்கு. ஆங்கிலத்தில் நாய்த்தல் விடாது பின்தொடர்தல். ஓநாய்த்தல் அள்ளி விழுங்குதல். குரங்குதல் பிறர் செய்வதைத் தானும் செய்தல். குரங்கின் முன்னிரண்டும் கையா காலா என வினவும் மாணாக்கன் அடுத்த வகுப்புக்கு வருக. இருகாலின: கிளி, வாத்து. கிளித்தல் கேட்டதைத் திரும்பச் சொல்லுதல். வாத்தில் விழிப்பு வேண்டும். தலையைச் சட்டெனத் தாழ்த்துதலைக் குறிக்கும் ஆங்கில வினை வாத்தின் பெயரிலிருந்து வந்தது என்று எண்ணுவாய். அன்று. நீரில் மூழ்குதலைக் குறித்த வினையே முந்தியது. மூழ்குவதால் அப்பறவை அப்பெயர் பெற்றது. இது எதிரேகல் எனப்படும்.

காலிலவற்றுள் மீனும் புழுவும் அடங்கும். இங்கே ஒரு நுட்பம் காண்க. நாயை வினையாக்கினால் நாய் செய்வது வினையாகிறது. மீனை வினையாக்கினாலோ மீனுக்கு நாம் செய்வது வினையாகிறது. மீனுதல் என்றால் மீன் பிடித்தல். புழு இரண்டையும் ஆளும்: ஒருவன் கூட்டத்துள் புழுவலாம், அஃதாவது நெளிந்து நுழையலாம், தன் நாயைப் புழுக்கலாம், அஃதாவது அதன் குடற்புழுவை நீக்கலாம். எனவே புழு களைபொருள் ஏகலிலும் அடங்கும். ஒரு காலும் இல்லாத உயிர் இரு வகையில் நிற்பது இவ்வியலில் இஃதொன்றே.

இனி ஆட்பெயர் ஏகல். ஒருவனுடைய பெயரே வினையாதல். இது பட்டான் பெயரேகல், செய்தான் பெயரேகல் என இரண்டு.

பட்டான் பெயரேகலுக்கு மூத்த சான்று சீனத்தில் உள்ளது. கி.மு. 515இல் ஊ நாட்டு மன்னன் லியாவ், விருந்தில் சமைத்து வைத்த மீனுக்குள் ஒளித்துக் கொணர்ந்த குறுவாளால் குத்திக் கொல்லப்பட்டான். பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு நாட்டில், குதிரை பேணும் ஏவலாள் ஒருவன் தன் தலைவன் வாளுடன் பெரியவர் ஒருவர்முன் வந்தான். யாருடைய வாள் இது, காட்டு என்றார் அவர். முறை அறியாதவன்போல் ஏவலாள் பிடியை நீட்டாமல் முனையை நீட்டினான். அப்பெரியவர் 'ஊ மன்னன்' என்னும் இருசொல் தொடரை அப்படியே வினையாக்கி, தன்னை ஊமன்னிக்க எண்ணுகிறாயா என்னும் பொருள்பட வினவினார். வினா முடிந்தது, அவரும் முடிந்தார். முனை நெஞ்சுக்கு நேரே நிற்கும்போது இருசொல் தொடரைப் பிசகின்றிப் புக்ககம் சேர்த்த அவரது மொழித்திறம் போற்றத்தக்கது.

ஆங்கிலத்தில் இதற்கு ஒப்பு பாய்க்காட்டு. 1880இல் அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் நிலக்கிழார் ஒருவரின் முகவராயிருந்த சார்லசு பாய்க்காட்டு என்பாருக்கு ஊரார் உழைக்கவும் மறுத்தனர், பண்டம் விற்கவும் மறுத்தனர். அவ்வாண்டு முடியுமுன்பே அவர் பெயர் வினையாகிவிட்டது. பாய்க்காட்டைப் பாய்க்காட்டினர்.

செய்தான் பெயரேகலுக்கு ஊடினி சான்று. பூட்டும் விலங்கும் பூண்டு தப்புதலில் புகழ்பெற்றவர் அவர். பூட்டிய அறையிலிருந்து தப்புதலை ஊடினித்தல் என்று ஆளலாம் என, ஈவு கிளார்க்கும் எர்பர்ட்டு கிளார்க்கும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். கணவனும் மனைவியும் சேர்ந்து பெயர்கள் வினையாதலை ஆய்ந்த இல்லறம் அது. நாளிதழ் போடும் சிறுவன் இதழை வீட்டு முகப்பில் எறிந்து செல்வதை முகப்பித்தல் எனலாம் என்பதும் அவர்கள் எடுத்துக்காட்டே.

உயிரில்லாதனவற்றின் பெயரும் ஏகும். கூகுள் என்னும் பெயரை ஆக்சுபோர்டு, மெரியம்-வெப்சுட்டர் ஆகிய அகரமுதலிகள் 2006இல் வினையாகப் பதிந்தன. அவ்வாண்டே அந்நிறுவனம், தன் தேடுபொறியில் தேடுவதற்கு மட்டுமே அவ்வினையை ஆளுமாறு மக்களை வேண்டிக்கொண்டது. சீனரின் பைடு இதனினும் ஆழ்ந்த ஏகுகிளவி. அதன் சொற்பொருள் நூறு முறை; சோங் காலப் பாட்டொன்றிலிருந்து எடுத்தது. நூறு முறை என்னும் அளவு முதலில் நிறுவனத்தின் பெயராயிற்று. பின்னர்த் தேடுதல் என்னும் வினையாயிற்று. இதனை முக்குடி ஏகல் என்க. நம்மவர் இத்துன்பம் எதுவும் படாமல் பண்ணு என்னும் ஏவலாளை எல்லாப் பெயருக்கும் பின்னால் அனுப்பிவிடுகின்றனர். கூகுளும் பண்ணப்படுகிறது, போனும் பண்ணப்படுகிறது. ஏவலாள் வைத்திருப்போர் குடிபெயர வேண்டியதில்லை.

பண்பேகல் சீனத்தின் உயிர். பண்புச்சொல் வினையாகும்போது ஆக்கேகல், கருதேகல் என இரண்டாகப் பிரியும். ஆக்கேகலில் பொருள் உண்மையாகவே மாறும். கருதேகலில் பொருள் மாறாது, பார்ப்பவன் கருத்தே மாறும். கன்பூசியசு கிழக்கு மலையேறி லூ நாட்டைச் சிறிதித்தார். தாய் என்னும் பெயருடைய மலையேறி வையத்தையே சிறிதித்தார் என்பது மென்சியசு நூற்செய்தி. இங்கே மாணாக்கன், வையம் சுருங்கிற்றா என வினவிக்கொள்ள வேண்டும். சுருங்கவில்லை. ஆகவே கருதேகல். ஆங்கிலத்தில் உலர்த்தல், ஒழித்தல், தணித்தல் ஆகியவற்றுக்குப் பண்புச்சொல்லே அப்படியே வினையாக நிற்பது ஆக்கேகல். துணி உண்மையாகவே உலர்கிறது.

ஆக்கேகலுக்கு முடிமணி வாங் ஆன்சி பாடிய பாட்டு. 11ஆம் நூற்றாண்டில் சீனத்தின் தலைமை அமைச்சராயிருந்த அவர், இளவேனிற் காற்று யாங்சியின் தென்கரையை என்ன செய்தது என்று எழுத வேண்டியிருந்தது. அவருடைய கையெழுத்துப் படியைப் பற்றி ஓங் மாய் என்னும் பிற்கால அறிஞர் குறித்து வைத்தார். முதலில் அடைந்தது என்று எழுதி, வட்டமிட்டு, நன்றன்று என ஓரத்தில் எழுதினாராம். பின் கடந்தது, அதையும் அடித்தார். பின் நுழைந்தது; பின் நிறைந்தது. இவ்வாறு ஏறத்தாழப் பத்துச் சொற்களை மாற்றி, முடிவில் பச்சை என்று எழுதினார். காற்று கரையைப் பச்சித்தது. மேற்காட்டிய நான்கும் வினைக்குடியில் பிறந்த சொற்கள். நிலைத்தது குடிபெயர்ந்து வந்த சொல். பிறந்த குடியினரைத் தள்ளி வந்தேறிக்கு வேலை கொடுத்த அமைச்சர் இவரே என்று எண்ணற்க. மூன்று நூற்றாண்டுக்கு முன்பே லி பாய் அதே பச்சையை அதே வேலைக்கு அமர்த்தியிருந்தார்.

இருவிளி ஏகல் என ஒன்றுண்டு. ஒரு சொல்லே அடுத்தடுத்து இருமுறை வந்து, முதலது பெயராகவும் மற்றது வினையாகவும் நிற்கும். நல்லாட்சி யாது என்று சி நாட்டு மன்னன் சிங் வினவியபோது, கன்பூசியசு வேந்தன், அமைச்சன், தந்தை, மகன் என்னும் நான்கு சொற்களை இவ்வாறு இரட்டித்து எட்டெழுத்தில் விடை தந்தார். வேந்தன் வேந்தனாக நடக்க என்பது போன்ற பொருள். வினைக்குறி எங்கும் இல்லை. மன்னன் உடனே விளங்கிக்கொண்டு பாராட்டினான்.

திணிப்பேகலும் சீனத்ததே. செயப்படுபொருள் குன்றிய வினையைப் பிடித்துச் செயப்பாட்டு வினையாக உட்கார வைத்தல் அது. பட்டம் பெற்ற இளைஞர், தாம் அறியாமலே வேலையில் சேர்ந்தோராகக் கல்லூரிக் கணக்கில் ஏறினர், அவர்கள் வேலைசேரப்பட்டனர். செயப்பாட்டைக் காட்டும் பெய் என்னும் இடைச்சொல், 2009இல் சீனத்தின் ஆண்டுக்குரிய எழுத்தாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

புக்ககத்தில் இடமில்லை எனில் ஏகல் நிகழாது. ஆங்கிலேயன் ஓரூரில் வேனிலைக் கழித்தால் வேனித்தான் என்பான்; பனிக்காலத்தைக் கழித்தால் பனித்தான் என்பான். இளவேனிலைக் கழித்தால் அவ்வாறு சொல்லான். அப்பெயரின் ஒலியிலேயே துள்ளுதல் என்னும் வினை முன்னமே குடியிருக்கிறது. இதனை முன்குடித் தடை என்க. மேலும், வந்தேறிய வினை புக்ககத்துப் பொதுவழக்கைக் கைவிடாது. மணி ஒலித்தலைக் குறிக்கும் 'ரிங்' இறந்த காலத்தில் ராங் எனத் திரியும். வளையம் என்னும் பெயரிலிருந்து வந்து சூழ்தலைக் குறிக்கும் 'ரிங்' அவ்வாறு திரியாமல் ரிங்டு என்றே அடங்கி நிற்கும். பழங்குடிக்குத்தான் முறைகேடு செய்யும் உரிமை.

இனி வடுவேகல். வடு நான்கு: அழுத்தவடு, இசைவடு, அதிர்வுவடு, வால்வெட்டு.

ரெக்கார்டு என்பதில் முதலசை அழுந்தினால் பெயர். இரண்டாம் அசை அழுந்தினால் வினை. இஃது அழுத்தவடு. ரிப்போர்ட்டு இவ்வொழுக்கத்துக்குக் கட்டுப்படாமல் இரண்டிலும் ஈற்றசையே அழுந்தும். திருத்த முயன்று பயனில்லை.

இசைவடு சீனத்துக்குரியது. வாங் என்பதை ஏறிசையில் சொன்னால் மன்னன். வீழிசையில் சொன்னால் மன்னனாய் ஆளுதல். திங் சமவிசையில் ஆணி; வீழிசையில் ஆணி அடித்தல். சோங் தாழ்ந்தெழும் இசையில் விதை, வீழிசையில் நடுதல். ஏகி வந்தோர் பெரும்பாலும் வீழிசையிலேயே தங்குவதைக் காண்க. அங்கு ஒருகாலத்தில் சகர ஒலியில் முடியும் வாலொன்று இருந்தது, அது தேய்ந்தே இவ்விசை பிறந்தது என்று பிரெஞ்சு அறிஞர் ஓத்ரிகூர் 1954இல் கூறினார். ஆங்கிலத்திலும் வால் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் லுவு என்றால் அன்பு, லுவியன் என்றால் அன்புசெய்தல். வாலைக் கண்டு குடியைச் சொல்லலாம். வால் உதிர்ந்தபின் இரண்டும் லவ் என ஒன்றாயின. வால் போன மொழிகளிலேயே ஏகல் பெருகும் என்பது இதனால் பெறப்படும்.

அதிர்வுவடுவை அறிய விரலைத் தொண்டையில் வைக்க. பிலீஃப் என்னும் பெயரின் ஈற்றில் தொண்டை அதிராது. பிலீவ் என்னும் வினையின் ஈற்றில் அதிரும்.

வால்வெட்டு கொடிது. ஆங்கிலத்தில் எடிட்டர் என்னும் பெயர் முன்னே வந்தது. எடிட் என்னும் வினை பின்னே அதன் வாலை வெட்டிச் செய்யப்பட்டது. சீனர் வெட்டுவதில்லை: பதிப்பித்தலும் பதிப்பிப்பவரும் பியான்சி என்னும் ஒரே சொல்.

ஏகலைத் தடுக்க முயன்றோரையும் சொல்லி முடிப்பேன். 1789 திசம்பரில் பெஞ்சமின் பிராங்கிளின், பின்னாளில் அகரமுதலி தொகுத்த நோவா வெப்சுட்டருக்கு மடல் எழுதினார். நோட்டிசு, அட்வகேட்டு, புரோகிரசு ஆகிய பெயர்கள் வினையாகத் திரிவதைக் கண்டிக்க வேண்டும் என்றார். அம்மூன்றும் இன்று ஒவ்வோர் அலுவலகத்திலும் வினையாக உழைக்கின்றன. பிராங்கிளின் அடுத்த ஏப்பிரலில் மறைந்தார், இரண்டுக்கும் தொடர்பில்லை.

சீனர் தடுக்கவில்லை, வேலியையே ஐயுற்றனர். பிரான்சில் கற்றுத் திரும்பிய மா சியான்சோங், 1898இல் தம் மொழிக்கு மேலைமுறையில் இலக்கணம் எழுதியபோது, சொற்பொருள் இடந்தோறும் வேறுபடுதலின் குடியும் வேறுபடும் என்றார். 1924இல் லி சின்சி, தொடருக்கு வெளியே சொல்லுக்குக் குடியே இல்லை என்றார். 1953இல் காவோ மிங்காய் தொடருக்கு உள்ளேயும் இல்லை என்பதுபோல் வாதிட, அறிஞர் ஈராண்டுக்கு மேல் இதழ்களில் மோதினர். இக்காலச் சீன அகரமுதலி சொல்தோறும் குடியைக் குறித்தது 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். அதுவரை சீனர் குடி அறியாமலே பேசி வந்தனர். தடுமாறியதாகச் செய்தி இல்லை.

பயிற்சி. பின்வரும் ஆங்கில வினைகளைக் கால் எண்ணி வகுத்து ஓலையில் எழுதி வருக: பன்றித்தல் (எல்லாவற்றையும் தானே வாரிக்கொள்ளல்), பாம்புதல் (வளைந்து வளைந்து செல்லல்), கடாவுதல் (முட்டுதல்), நாரைத்தல் (எட்டிப் பார்த்தல்). நாரை ஒற்றைக் காலில் நிற்பினும் இருகாலினவற்றுள்ளேயே வைக்க.